நிழலுக்கு ஏன் பயம்?



2019 டிசம்பர் 26. காலை 8 மணிக்கு மேல் நம் திருப்பதியில் சூரிய கிரகணம் தொடங்கியது. திருமலைக் கோயில் கதவைச் சாத்தியிருந்தார்கள். காளத்திக் கோயிலோ திறந்திருந்தது. கிரகண நேரத்திலும் அங்கே பூசை உண்டு. கோயிலுக்குக் கோயில் வழக்கம் வேறு. ஆனால் வானம் ஒன்றுதான்.

வானத்தில் என்ன நடந்தது? சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலா வந்தது. அதன் நிழல் நம்மேல் விழுந்தது. வெயிலில் குடை பிடித்தால் நிழல் விழுகிறதே, அதுபோலத்தான். அன்று கோவை, ஈரோடு பக்கம் சூரியன் நெருப்பு வளையலாகத் தெரிந்தது. நம் ஊரில் பிறையாகத் தெரிந்தது.

நிழலில் விஷம் இல்லை. சோறு கெடாது. கர்ப்பிணிப் பெண் பட்டினி கிடக்க வேண்டாம்.

ஆனால் கண்ணுக்குக் காவல் வேண்டும். மற்ற நாளில் சூரியனைப் பார்த்தால் கண் கூசும். உடனே மூடிக்கொள்வோம். கிரகணத்தில் வெளிச்சம் குறைவு. அதனால் உற்றுப் பார்ப்போம். கண்ணின் உள்திரை வெந்துபோகும். வலிகூடத் தெரியாது. போன பார்வை திரும்பாமலும் போகலாம். கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம் எதுவும் காப்பாற்றாது.

பின் எப்படிப் பார்ப்பது? ஓர் அட்டையில் ஊசியால் துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். துளை வழியே வரும் வெளிச்சம் வெள்ளைத் தாளில் விழட்டும். அங்கே சின்னப் பிறை தெரியும். மரத்தடியிலும் பாருங்கள். இலை இடுக்கில் விழும் வெளிச்சப் பொட்டெல்லாம் பிறையாக இருக்கும்!

2027 ஆகஸ்ட் 2 மாலையில் தென்னிந்தியாவில் பகுதி கிரகணம் உண்டு. அன்று உங்கள் பிள்ளைகள் கையில் ஓர் அட்டை இருக்கட்டும். துளையை நீங்களே போட்டுக் கொடுங்கள்.