குழப்படியா, புலன்களின் குழப்பமா?



பாடசாலை மணி ஒலித்ததும் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையைக் குழப்படிக்காரன் என்கிறோம். புதுச் சட்டை உடம்பிற் பட்டதும் அழும் பிள்ளையைப் பிடிவாதக்காரி என்கிறோம். பிரம்பை எடுக்குமுன் சற்றுச் சிந்திப்போமாக.

புலன்கள் ஐந்து என்பது யாவரும் அறிந்ததே. உடலின் சமநிலையை உணர்த்தும் உட்செவியும், கைகால்களின் நிலையை உணர்த்தும் தசைகளும் மூட்டுகளும் அவற்றோடு சேர்ந்து தொழிற்படுகின்றன. இவை அனுப்பும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்தினால்தான் பிள்ளை அமைதியாயிருந்து கற்கமுடியும். சில பிள்ளைகளுக்குச் சிற்றோசையும் இடியாகிறது; வேறு சிலருக்கோ எவ்வளவு சுழன்றாலும் போதுவதில்லை.

இதனை ஆராய்ந்து, புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையை வகுத்தவர் அமெரிக்க நாட்டு ஜீன் அயர்ஸ் அம்மையார் (1920–1988). இதுபற்றி அவர் எழுதிய நூல் 1972இல் வெளிவந்தது. ஊஞ்சலாடுதல், ஏறுதல், பாரந் தள்ளுதல், பலவகைப் பொருள்களைத் தொட்டு விளையாடுதல் ஆகியனவே இங்கு மருந்து. பயிற்சி பெற்றவர் பிள்ளையின் போக்கறிந்து, சிறிது முயன்றால் எட்டக்கூடிய விளையாட்டை அமைப்பார். வற்புறுத்தல் ஆகாது.

எனினும், இதனைச் சர்வரோக நிவாரணி என்று நம்பிவிடலாகாது. பயன்பற்றிய சான்றுகள் போதியனவல்ல என்பதைப் பெற்றோருக்குச் சொல்லவேண்டும் என 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்தியது. ஆதலால், உண்ணல், உடுத்தல், படித்தல் ஆகியவற்றில் முன்னேற்றம் உண்டா என்று காலவரையறை வைத்துப் பார்த்தல் வேண்டும்.

சிகிச்சை நிபுணர் செய்வது அவ்வாறிருக்க, நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பெரியோர்களே, காரணம் அறியாமல் தண்டியாதீர்கள். இளைஞர்களே, அத்தகைய பிள்ளையைக் கேலி செய்யாது, உங்கள் விளையாட்டிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.