விலையும் விடுதலையும்



ஆங்கிலத்தில் ‘ஃபிரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் சுட்டும். தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருளின் பொருளியலுக்கு இவ்வேறுபாடே அடிப்படை.

1984 சனவரியில் ரிச்சர்டு ஸ்டால்மன் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகப் பணியைத் துறந்தார். தாம் எழுதும் நிரலுக்குக் கழகம் உரிமை கோரலாகாது என்பதே காரணம். பணியோடு ஊதியமும் போயிற்று. 1985இல் தாம் எழுதிய குனு ஈமாக்ஸ் என்னும் மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து, 150 டாலருக்கு அஞ்சலில் அனுப்பலானார். வாங்கியவர் அதைப் படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், மூலநிரலைத் திருத்தலாம். வணிகர் கண்ணுக்கு இது தம் வாடிக்கையைத் தாமே இழப்பதாகும். ஆயினும் அவர் விலை பெற்றது நாடாவுக்கும் உழைப்புக்குமே. வாங்கியவரின் உரிமைக்குப் பூட்டிட்டு அன்று. அவ்வாண்டே தோன்றிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இவ்விற்பனையை ஏற்று நடத்திற்று. நிரலாளர்க்கு ஊதியம் தர அவ்வருவாய் உதவிற்று.

பொருள் நிபந்தனையோடும் வரும். 2025இல் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளைக்கு அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தின் 15 இலட்சம் டாலர் நல்கை பரிந்துரைக்கப்பெற்றது. அறக்கட்டளையின் ஆண்டுச் செலவே ஏறத்தாழ 50 இலட்சம் டாலர்தான். பன்மையையும் சமவாய்ப்பையும் வளர்க்கும் பணி எதனையும் நடத்தலாகாது என்னும் நிபந்தனை உடன்வரவே, அறக்கட்டளை தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

புலவர் மரபுக்கு இச்செய்கை புதிதன்று. தம்மைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூறு அறியும். பொருள் பெறுதல் இழுக்கன்று. அதற்கு ஈடாகக் கேட்கப்படுவது எது என்பதே உரைகல்.