மதுநோய் நீக்கமும் தேகாப்பியாசமும்

(சென்னிமலையில் நம் சங்கத்தார் கூடிய சபையில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் குலத்தார் கூடும் சபைகளிலே கல்வியைப்பற்றிப் பேசுகிறோம். தறியைப்பற்றியும் நூல் விலையைப்பற்றியும் பேசுகிறோம். விவாகச் செலவைச் சுருக்குவதுபற்றித் தீர்மானங்களும் செய்கிறோம். குடியைப்பற்றிப் பேசுங்கால் மாத்திரம் நம் பேச்சு கண்டனத்தோடு முடிந்துவிடுகிறது. குடி குடியைக் கெடுக்கும் என்பதை அறியாதார் இச்சபையில் ஒருவருமிலர். குடிப்பவனும் அதனை நன்கறிவான். அறிந்தும் விடமாட்டாமையே அவனது துன்பம். ஆகையால் மதுவின் தீமைகளை விரித்துரைக்க யான் இங்கு வந்தேனல்லேன். குடியை விட்டவன் மீண்டும் அதில் வீழாதிருத்தற்குத் தேகாப்பியாசம் எம்மட்டில் துணைசெய்யும், எவ்விடத்தில் துணைசெய்யாது, அதன்பொருட்டு நம் சங்கத்தார் செய்யத்தக்கது யாது என்னும் இவற்றையே சொல்ல விரும்புகிறேன்.

முதற்கண் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். மதுவுக்கு அடிமைப்படுதல் ஒரு நோய். மத்திய சமூகநீதி அமைச்சகத்தார் தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தைக்கொண்டு ஆராய்வித்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, இந்நாட்டில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அவருள் அதற்கு முற்றும் அடிமைப்பட்டோர் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் பேர். இத்துணைப் பெருந்தொகையினரை அற்பர் என்றும் மானமற்றவர் என்றும் தள்ளிவிட ஒருவராலும் இயலாது. முற்காலத்துச் சாதிப் பஞ்சாயத்துகள் குடிகாரனுக்கு அபராதம் விதித்தன, விலக்கியும் வைத்தன. அவற்றால் நோய் மறைந்து வாழக் கற்றதேயன்றி ஒழிந்ததில்லை.

இனி, நம்மவருடைய தொழிலைச் சற்றே எண்ணிப் பாருங்கள். குழித்தறியில் அமர்ந்தவனுடைய கால்கள் குழிக்குள்ளே மிதிகளை மாறிமாறி மிதிக்கின்றன. கைகள் நாடாவை ஓட்டுகின்றன. வளைந்த முதுகு வளைந்தபடியே பொழுது சாய்கிறது. முன்னாளிலே பாவு தெருவில் நீட்டப்பட்டது. விடியற்காலையில் கஞ்சியிட்ட பாவின் இருமருங்கும் ஆடவரும் பெண்டிரும் போவதும் வருவதுமாக நடந்து, பாவாற்றியால் இழைகளை ஆற்றியும், அறுந்தவற்றைப் பிணைத்தும் வேலைசெய்தனர். அந்த நடையும், திறந்த வெளியும், அயலாரோடு கலந்த பேச்சும் தொழிலின் பகுதியாகவே இருந்தன. பாவு யந்திரத்திற் சுற்றப்பட்டு வீட்டுக்கு வந்த பிறகு அவை நீங்கின. விசைத்தறிக் கூடத்திலோ பேரிரைச்சலும் இரவு முறையும் சேர்ந்துகொண்டன. ஆகவே மாலையிலே தறியைவிட்டு எழுபவனுக்கு முதுகும் கண்ணும் அலுத்திருக்கின்றன; ஆனால் ஓடியாடிக் களைத்தவனுக்கு வரும் நல்லுறக்கம் அவனுக்கு வருவதில்லை. அந்த அந்திப்பொழுதிலேதான் கடை அவனை அழைக்கிறது. குடியை விட்டவனுக்கு நாளின் மற்றைப் பொழுதெல்லாம் ஒருவாறு கழிந்துவிடும். இந்த ஒரு மணி நேரமே கழித்தற்கு அரியது.

இவ்வுண்மையை நம் நாட்டுப் பெரியோர் முன்னமே உணர்ந்திருந்தனர். 1921ஆம் ஆண்டிலே நம் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது, ஈ.வெ.இராமசாமியாருடைய துணைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் அதில் முன்னின்றனர். 1925ஆம் ஆண்டிலே இராஜாஜி அவர்கள் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்திற் காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதர்த் தொழிலையும் மதுவிலக்குப் பிரசாரத்தையும் ஒருங்கே நடத்தினார். அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானபோது, 1937 அக்டோபர் 1ஆம் தேதி, மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் ஜில்லாவிலே நடைமுறைக்கு வந்தது. காவிரிக்கு அக்கரையில் கடைகள் மூடப்பட்டன. இக்கரையில் நம் கோயமுத்தூர் ஜில்லாவிலோ அவை திறந்தே இருந்தன. 1948இல் மாகாண முழுமையும் மதுவிலக்கு வந்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசாங்கத்தின் வாணிபக் கழகமே சில்லறைக் கடைகளையும் நடத்திவருகிறது.

காந்தியடிகள் 1941இல் எழுதிய நிர்மாணத் திட்டம் என்னும் சிறு நூலில், காங்கிரஸ் கமிட்டிகள் களைத்த தொழிலாளி உடலாறுதற்குரிய இடங்களைத் திறந்து, அங்கே மலிவும் சுகாதாரமுமான சிற்றுண்டியும் தக்க விளையாட்டுகளும் கிடைக்கச் செய்யலாம் என்று யோசனை கூறினார். கடையை மூடுவதோடு காரியம் முடிவதில்லை; கடை நிரப்பியிருந்த பொழுதை வேறொன்று நிரப்பவேண்டும் என்பதே அதன் கருத்து. சட்டம் வரும், போகும். அந்திப்பொழுதோ நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும்.

அப்பொழுதை நிரப்புதற்குத் தேகாப்பியாசம் ஏன் சிறந்தது? நெடுங்காலம் குடித்தவனுடைய மூளை, இன்பவுணர்ச்சி எல்லாவற்றையும் மதுவினிடமே எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது. மதுவை நிறுத்தியபின் பல வாரங்கள் அவனுக்கு உணவில் சுவை இல்லை, உறக்கம் இல்லை, மனைவி மக்கள் பேச்சும் எரிச்சலை மூட்டும். அக்காலத்தில் வேகமான நடையும் பிற பயிற்சிகளும் மனச்சோர்வைக் குறைத்து உறக்கத்தைத் திருத்துகின்றன. குடிவேட்கையோ ஓர் அலைபோன்றது. எழுந்து, உயர்ந்து, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தாழ்ந்துவிடும். உட்கார்ந்து அதனோடு போராடுபவன் தோற்றல் எளிது. எழுந்து நடப்பவன் அந்த அரைமணியைக் கடந்துவிடுகிறான்.

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிலையத்தார் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றைக் கேளுங்கள். ஒரு வார காலம் வைத்தியம் பெற்று மதுவின் நஞ்சு நீங்கிய 60 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாருக்கு மட்டும் இரண்டு வாரம் சுதர்சனக் கிரியை என்னும் மூச்சுப் பயிற்சி அளித்தனர். இரு கூற்றாருக்கும் மனச்சோர்வு குறைந்ததாயினும், பயிற்சி பெற்றோர்க்கே மிகுதியாகக் குறைந்தது. மனவருத்தத்தாற் பெருகும் கார்டிசால் என்னும் சுரப்பும் அவர்களிடத்தே அதிகமாகத் தாழ்ந்தது.

ஆயினும் மிகைபடக் கூறலாகாது. பல ஆராய்ச்சிகளை ஒப்புநோக்கியவர்கள், பயிற்சியால் உடல் வலிவும் மனத்தெளிவும் பெருகுதலைக் கண்டார்களேயன்றி, அது தனித்துநின்றே குடியை நிறுத்திவிடும் என்று நிலைநாட்டவில்லை. வைத்தியமும், நல்லாலோசனையும், உற்றார் துணையும் உள்ளவிடத்தே தேகாப்பியாசம் பலன் தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுவது என் கடமை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்துவானாயின், கடைசியாகக் குடித்த 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வருதலுண்டு. இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம் மிகுந்து, இல்லாதன கண்ணுக்குத் தோன்றி, சித்தம் கலங்கி, உயிருக்கே அபாயம் நேர்தலும் உண்டு. அந்நிலையில் அவனைப் படியேற்றுவதும், ஓடச்செய்வதும், வீட்டுக்குள் பூட்டிவைப்பதும் தவறு. ஈரோட்டிலும் பெருந்துறையிலும் அரசாங்க வைத்தியசாலைகள் இருக்கின்றன. அங்கே கொண்டு சேர்க்கவேண்டும். வழியறியாதவர் 14446 என்னும் அரசாங்கத் தொலைபேசி எண்ணைக் கட்டணமின்றி அழைத்துக் கேட்கலாம். ஈரலும் இருதயமும் எந்நிலையில் உள்ளன என்று வைத்தியர் பார்த்து விடை கொடுத்த பின்னரே பயிற்சி தொடங்கவேண்டும்.

இனி, நம் கண்முன்னே ஆண்டுதோறும் நிகழும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். எத்தனையோ முயன்றும் ஒருநாள் தானும் குடியை விடமாட்டாதவன், ஐயப்பனுக்கு மாலை அணிந்தாலும், பழனிக்கு நடப்பதாக நேர்ந்துகொண்டாலும், 48 நாள் ஒரு துளியும் தொடாதிருக்கிறான். இதனைப் பக்தியின் பெருமை என்கிறோம், உண்மையே. ஆனால் அந்நாட்களில் அவன் வாழ்க்கையை உற்றுநோக்குங்கள். விடியுமுன் எழுகிறான், நீராடுகிறான், நெடுந்தூரம் நடக்கிறான், மாலையில் தன்னைப்போன்றாரோடு கூடிப் பஜனை செய்கிறான், நேற்றுவரை அவனை இகழ்ந்த தெரு அவனைச் சாமி என்று அழைக்கிறது. உடலுக்கு உழைப்பும், அந்திக்கு ஒரு வேலையும், கூட்டத்துக்குள் ஓர் இடமும், பெயருக்கு ஒரு மதிப்பும் ஒருங்கே கிடைத்தன. மாலையைக் கழற்றிய மறுநாளே இந்நான்கும் அவனைவிட்டு நீங்குகின்றன. அன்று மாலையில் அவன் கடைக்குப் போவானாயின், அவனுடைய பக்தி பொய்யென்று சொல்லுதல் தகுமோ? நாம் அவனைத் தனியே விட்டோம் என்பதே பொருந்தும்.

மதுவை விட்டவர்கள் மீண்டும் வீழ்வது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களிலே என்பது வைத்தியர் அநுபவம். நம் மலைக்குப் படிகள் 1,320. வைத்தியர் அநுமதித்தபின், முதல் வாரம் நாள்தோறும் 100 படி ஏறி இறங்குக; வாரத்துக்கு வாரம் 100 படி கூட்டுக. பதினான்காம் வாரத்திலே, அதாவது மூன்று மாதம் நிறைந்தபின், முருகன் சந்நிதியை அடையலாம். இக்கணக்கின்படி மாலை கழற்றும் 48ஆம் நாள் ஏழாம் வாரத்தில் வருகிறது. அன்று அவன் நிற்பது 700ஆம் படி. அது பாதி மலை. மேலே செல்லவேண்டிய தூரம் இன்னும் அவ்வளவே இருக்கிறது என்பதை அவனும் நாமும் உணர்வதற்கு இதனினும் தெளிவான அளவுகோல் வேண்டுவதில்லை.

திருமஞ்சன நீரைச் சுமந்து இப்படிகளில் ஏறும் காளையைப் பாருங்கள். அது விரைவதில்லை, நிற்பதுமில்லை. அவ்வாறே ஏறுக. மார்பு வலித்தாலும் தலை சுழன்றாலும் உடனே நின்று வைத்தியரிடம் சொல்லுக. ஏறுவதைக்காட்டிலும் இறங்குவதே முழங்காலுக்கு அதிகப் பாரமாதலின் மெல்ல இறங்குக. தறிக்குழியில் முழங்கால் தேய்ந்தவர்கள் அடிவாரத்திலே சமதரையில் நடந்தாலும் போதும். வாரத்துக்கு 150 நிமிஷமேனும் சுறுசுறுப்பாக உடலை இயக்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நாளொன்றுக்கு அரைமணியாக ஐந்து நாள் நடந்தால் அவ்வளவு ஆகிவிடும்.

இவனோடு ஏறுதற்கு ஒரு துணைவன் வேண்டும். துணைவன் உபதேசம் செய்யலாகாது. தறிச் செய்தியும் ஊர்ச் செய்தியும் பேசிக்கொண்டு உடன் ஏறினாற் போதும். தானே ஒரு காலத்துக் குடித்து விட்டவனாயின் மிக நன்று. அமெரிக்காவில் ஆக்ரன் என்னும் நகரில் 1935ஆம் ஆண்டில், குடியால் நலிந்த இருவர் ஒருவரையொருவர் தாங்கி மீண்டதிலிருந்தே, இன்று உலகெங்கும் பரவியுள்ள ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டம் பிறந்தது. ஒருநாள் அவன் தவறிக் குடித்துவிடின், அறிவு தெளிந்த பின்னர் மீண்டும் அழைத்துச் செல்லுக. முதற்படியிலிருந்து தொடங்கு என்று தண்டிக்கவேண்டா. உடல் இடங்கொடுக்குமாயின் விட்ட படியிலிருந்தே தொடங்கட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குடியால் வந்த அடியும் பசியும் கடனும் உங்கள் தலையிலேயே விழுந்தன. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. அவனைத் திருத்தும் பாரத்தையும் உங்கள்மேல் ஏற்றுதல் அநியாயம். அப்பாரத்தைச் சங்கம் ஏற்கவேண்டும் என்பதற்காகவே இன்று பேசுகிறேன்.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வேன். நீங்கள் சடுகுடு ஆடுகிறீர்கள், சிலம்பம் பழகுகிறீர்கள், மிக்க மகிழ்ச்சி. ஆனால் பந்தயத்தில் வென்ற இரவிலே மது விருந்து நடக்குமாயின், அக்களம் குடியை விட்டவனுக்குக் கடையைவிடக் கொடியது. பயிற்சி செய்தேன், ஆகவே ஒரு குவளைக்கு உரியவனானேன் என்னும் எண்ணம் தேகாப்பியாசத்தின் பயனையெல்லாம் அழித்துவிடும்.

முடிவாகச் சங்கத்தாரை மூன்று வேண்டிக்கொள்கிறேன். தெருவுக்கு ஒருவராக, இரவாயினும் நோயுற்றவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லத்தக்க நம்பிக்கையுள்ளவர்களை நியமியுங்கள். அந்தியில் அடிவாரத்திலே கூடி ஏறும் குழுவொன்றை அமையுங்கள். நோய் சாதி பாராதாகையால் அக்குழுவும் சாதி பாராதிருக்கட்டும். வருபவர் பெயர் நம் பத்திரிகையிலும் வெளிவராதிருக்கட்டும். நம் வீட்டு விசேஷங்களிலும் விளையாட்டு விழாக்களிலும் மது வழங்குதல் இல்லையென்று உறுதிசெய்யுங்கள். இவற்றிற்குப் பொருட்செலவு மிகவும் சிறிது. நாள்தோறும் ஒரு மணி நேரமே வேண்டப்படுகிறது. அந்த ஒரு மணியை நாம் கொடாவிடின், அதை வாங்கிக்கொள்ளக் கடை காத்திருக்கிறது.

 சென்னிமலை ஆண்டவன் திருவருள் முன்னிற்க.