தேகாப்பியாசமும் நீடித்த வியாதிகளும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



எனது பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஜீவித்தவர். அவருக்கு வறுமை இருந்தது. நீரிழிவு இருந்ததாக ஒருவரும் சொல்லக் கேட்டிலேன். 1983-ஆம் வருஷத்தில் சென்னைத் துறைமுகத்திலே கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. முதுகுச் சுமையைக் கிரேன் வாங்கிக்கொண்டது. அது நன்மையே, முதுகொடியச் சுமப்பதைப் புகழ நான் இங்கு வரவில்லை. ஆயினும் உழைப்பு நின்ற தேகத்திற்கு வேறென்ன கொடுத்தோம்?

அமெரிக்க தேசத்தில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை டாக்டர் பாபன்பர்கர் என்பவர் 22 வருஷம் கவனித்து வந்தார். கடின வேலை செய்தோரிடை மாரடைப்பு மரணம் ஏனையோரில் ஏறக்குறையப் பாதியே என்று 1975-இல் வெளியிட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? டாக்டர் எம். விசுவநாதன் அவர்கள் நீரிழிவுக்கென வைத்தியசாலை நடத்தியது நம் ராயபுரத்திலேதான். அங்கிருந்து டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேளுங்கள். நீரிழிவின் வாசற்படியில் நின்றவர்களில், பொதுவான யோசனை மட்டும் பெற்றவர்களுள் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். ஆகாரத் திட்டமும் தினம் அரைமணி விரைநடையும் ஏற்றுத் தொடர்ந்து கண்காணிக்கப்பெற்றவர்களுள் 39 பேரே ஆயினர். மருந்து கொடுக்கப்பெற்றவர்களும் ஏறக்குறைய அவ்வளவே தேறினர்.

எனினும் தேகாப்பியாசமும் மருந்து போன்றதே; அளவறிந்து கொடுப்பார் வேண்டும். என் தமையனாரை ஒருவர் "நடவும்" என்றார். எவ்வளவு, எப்படி என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் புத்தி எனக்கும் இல்லை. தமையனார் காசிமேட்டுப் பக்கம் வெறுங்காலுடன் நடந்தார். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருந்தமையால் கண்ணாடித் துண்டு தைத்ததை அறியார். ஒரு விரல் போயிற்று.

பயின்ற நிபுணரோ முதலில் பாதத்தைப் பார்க்கிறார். இரத்த அழுத்தத்தை அளக்கிறார். மருந்தும் உணவும் எந்நேரம் என்று வினவுகிறார். தசை வேலை செய்யுங்கால் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளுகிறது. ஆகையால் இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் ஓடுகிறவன் மயங்கி விழக்கூடும். மூட்டு வலியுள்ள மாதுக்கு நாற்காலியில் இருந்து எழுந்தமரும் பயிற்சியைக் கொடுக்கிறார். வாலிபனுக்குப் பளு தூக்குவதையும் சேர்க்கிறார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசாங்கத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீடு தேடி வரவும் ஏற்பாடு உண்டு. நம்மிற் சிலர் அவரைக் கைகால் பிடித்துவிட வந்தவராகவே எண்ணி, "இன்று வேண்டாம்" என்று அனுப்பிவிடுகிறோம். பக்கவாதத்தில் விழுந்தவருக்கு அப்படி இழந்த நாட்கள் லேசில் திரும்புவதில்லை.

ஸ்திரீகள் நிலைமையை விசேஷமாகச் சொல்லவேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே அவர்கள் எங்ஙனம் விரைந்து நடப்பார்கள்? நம் சங்கத்து மாடிக்கூடமோ கலியாண நாட்கள் தவிரப் பூட்டியே கிடக்கிறது. காலையில் ஒரு மணிநேரம் அதைத் திறந்து, பயின்ற ஓர் அம்மையாரைச் சம்பளத்திற்கு அமர்த்தவேண்டுமென்று பிரேரேபிக்கிறேன். முதல் மூன்று மாதச் சம்பளத்தை நான் கொடுக்கிறேன். சாவி காரியதரிசி அவர்களிடத்தில் இருக்கிறது.