காபிக்குச் சர்க்கரை உண்டா, இல்லையா?

எங்க குழு நடத்துற உணவகத்துல ஆர்டர் எடுக்கிற டேப்லெட்டில் உணவு வகைகளைப் பதிவு செஞ்சது நான்தான். பத்தாவது படிப்பு போதும், பயப்படாதீங்க.

தோசைன்னு ஒரு பேரு போட்டா பத்தாது. சாதா, பொடி, வெங்காயம், இதுல ஒண்ணைத்தான் தொட முடியணும். மேல சேர்க்கிற நெய், முட்டை எத்தனை வேணும்னாலும் தொடலாம். ஒவ்வொண்ணுக்கும் தனி விலை. முன்னாடி வாயால ஆர்டர் சொல்லும்போது நெய்க்காசு விட்டுப்போகும், மாசக் கடைசியில நம்ம பங்குதான் குறையும்.

காபிக்கு மட்டும், சர்க்கரை உண்டா இல்லையான்னு தொடாம பில் போடவே முடியாதபடி கட்டாயமா வச்சேன். "கூட்ட நேரத்துல இது வேற தொல்லையா"ன்னு கல்லாவுல இருக்கிற அக்கா சண்டைக்கே வந்தாங்க. நான் விட்டுக்கொடுக்கல. சர்க்கரை நோயோட எத்தனை பெரியவங்க வர்றாங்க! மத்ததுக்கெல்லாம் கட்டாயம் வேண்டாம், அதுல அக்கா சொன்னது சரி.

அடுப்படிக்குப் போற சீட்டுல 'நோ ஆனியன்'னு வந்தா தோசை ஊத்துற அத்தைக்கு என்ன புரியும்? 'வெங்காயம் வேண்டாம்'னு தமிழ்லயே போட்டேன். முட்டை தீர்ந்துட்டா முட்டையை மட்டும் அணைச்சு வைங்க, தோசையவே அணைச்சிடாதீங்க.