திறக்க முடிகிறபோதே மாற்றி வைப்போம்

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட், தண்ணீர், பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு கம்ப்யூட்டர் ஃபைல் பற்றி என்ன பேச்சு என்று நினைக்காதீர்கள். இதுவும் நம் வீட்டுக் காசு சம்பந்தப்பட்டதுதான்.

சென்ற காலாண்டில் நம்மில் ஒருவர் ஃபிளாட்டை விற்க ஏற்பாடு செய்தார். 2005இல் கார்ப்பஸ் ஃபண்டு கட்டிய விவரத்தையும், அதை முடிவு செய்த கூட்டத்தின் தீர்மானத்தையும் வாங்குபவரின் வக்கீல் கேட்டார். இரண்டும் சங்கத்தின் பழைய சி.டி.யில் இருந்தன. கணக்கு ஷீட் திறந்தது. தீர்மானமும் திறந்தது, ஆனால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. அதைத் தமிழாக்கிக் கொடுக்க நான்கு மாலைகள் ஆயின. அதுவரை அவருடைய பத்திரப் பதிவு தள்ளிப்போனது.

இது ஏன் நடக்கிறது? 2007க்கு முன் வேர்டு ‘டாக்’ என்றும், எக்செல் ‘எக்ஸ்எல்எஸ்’ என்றும் கோப்புகளைச் சேமித்தன. அவை பைனரி வகை. அதற்கான மென்பொருள் இல்லாமல் உள்ளே இருப்பது புரியாது. ஆஃபீஸ் 2007இலிருந்து ‘டாக்எக்ஸ்’, ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ வந்தன. கடைசியில் வரும் அந்த எக்ஸ், எக்ஸ்எம்எல்லைக் குறிக்கிறது. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று அடையாளக் குறி போட்டு எழுதப்பட்ட சாதாரண எழுத்துதான் எக்ஸ்எம்எல். அப்படிப்பட்ட பல சிறு கோப்புகளைச் சேர்த்து ஜிப் செய்த மூட்டைதான் டாக்எக்ஸ். வீட்டில் ஒரு நகலை எடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். ‘வேர்டு’ என்ற ஃபோல்டருக்குள் ‘மீடியா’ என்று ஒன்று இருக்கும். நீங்கள் ஒட்டிய புகைப்படங்கள் அதில் தனித்தனியாகக் கிடைக்கும்.

இந்த வகை 2008இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. லிப்ரே ஆஃபீஸ் போன்ற இலவச மென்பொருள்களும் இதைத் திறக்கின்றன. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது நமக்கு நல்லதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புதிய மென்பொருள் பழைய கோப்பைத் திறக்கும். பழைய மென்பொருள் புதிய கோப்பைத் தானாகத் திறக்காது. முன்பு ஆஃபீஸ் 2003 வைத்திருந்தவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் ஓர் இணைப்பு மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. 2018இல் அதையும் நிறுத்திவிட்டது. பழைய கணினி வைத்திருக்கும் நம் பெரியவர் ஒருவர், ஆண்டுக் கணக்கைப் பார்க்காமலேயே சென்ற கூட்டத்தில் கை தூக்கினார். கேட்டால், “நீங்க அனுப்பினது எனக்குத் திறக்கலை சார், யாரைத் தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டேன்” என்றார். தவறு அவருடையதல்ல, நம்முடையது.

அப்படியானால் எல்லாவற்றையும் பழைய வகையிலேயே வைத்துக்கொள்ளலாமா? அதிலும் ஆபத்து உண்டு. பழைய எக்செல் ஷீட்டில் 65,536 வரிசைகள்தான். புதியதில் 10,48,576. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வகையில் ஏற்றியது. இடம் போதாமல் மிச்சம் விட்டுப்போனது. 15,841 நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. அவர்களுடன் பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. நம் மெயின்டனன்ஸ் ஷீட் அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் ஒரு கோப்பு எந்த வகை என்று பார்க்காமல் வேலை செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

இனி, மாற்றும்போது கவனிக்க வேண்டியவை.

பெயரின் கடைசியில் ஓர் எக்ஸ் சேர்த்தால் கோப்பு மாறிவிடாது. திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுத்துப் புதிய வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் மாதாந்திர பில் ஷீட்டைப் போல மேக்ரோ உள்ளதை ‘எக்ஸ்எல்எஸ்எம்’ என்று சேமிக்க வேண்டும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று சேமித்தால் மேக்ரோ போய்விடும். மாற்றிய பிறகு கூட்டுத்தொகை பழையதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். மூலக் கோப்பை மட்டும் அழிக்கவே கூடாது.

தமிழ்க் கோப்புகளுக்கு இரட்டைப் பூட்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு ஃபான்ட்டும் தனக்கென ஒரு முறையில் தமிழ் எழுத்தை வைத்திருந்தது. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் எழுத்துகள் குப்பையாகத்தான் தெரியும். டாக்கை டாக்எக்ஸ் ஆக்கினால் முதல் பூட்டுதான் திறக்கும். எழுத்தையும் தனியாக யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எந்த ஃபான்ட்டில் அடித்தார்கள் என்று தெரிந்தால் வேலை எளிது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அன்றைய நிர்வாகிகள்தான்.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, இனி சுற்றறிக்கை, கணக்கு, தீர்மானம் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆகவும் அனுப்புவோம். கேட்பவர்களுக்கு அச்சிட்டுக் கொடுப்போம்.

இரண்டு, 2007க்கு முந்தைய எல்லாப் பதிவுகளையும் அடுத்த பொதுக்குழுவுக்குள் மாற்றி, மூலத்தோடு சேர்த்து இரண்டு இடங்களில் வைப்போம்.

மூன்று, முன்னாள் செயலாளர்களும் பொருளாளர்களும் அலமாரியில் கிடக்கும் சி.டி., பென் டிரைவ்களைத் தயவுசெய்து சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பாஸ்வேர்டு நினைவிருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள்.

இன்று அவற்றைத் திறக்க மென்பொருள் இருக்கிறது. விவரம் சொல்ல நீங்களும் இருக்கிறீர்கள். அடுத்து வீடு விற்கப்போகிறவர் நான்கு மாலை காத்திருக்க வேண்டாம்.