கலிங்கின் உயரம்

வீடாயினும் சாலையாயினும், ஒன்றைக் கட்டுமுன் அதன் அமைப்பை வகுக்கின்றோம். அழகு, உறுதி, செலவு ஆகியவற்றை நோக்குகின்றோம். அறத்தையும் நோக்க வேண்டுமோ என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். விடையை நம் ஏரிகளிடத்தே தேடுவோம்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றுட் பல ஒன்றன்கீழ் ஒன்றாய்ச் சங்கிலிபோல் அமைந்தவை. மேலேரியில் நிறைந்து வழியும் நீரே கீழேரிக்கு வரத்து. அவ்வாறு மிகுநீர் வழியும் இடமே கலிங்கு; தென்மாவட்டங்களில் மறுகால் என்பர்.

கலிங்கை எவ்வளவு உயரத்தில் அமைப்பது? நான் பணியாற்றிய சிற்றூரில் மாணவரை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, "இதனை இன்னும் ஒரு முழம் உயர்த்தினால் என்ன?" என்று வினவுவதுண்டு. "நமக்கு நீர் மிகும், ஐயா" என்பர் பலர். ஒருமுறை, "மேலே எங்கள் கொல்லை முழுகிவிடும்" என்றான் ஒரு சிறுவன். "கீழூருக்கு நீர் போகாதே" என்றான் மற்றொருவன். கரைக்கும் கேடு என்பதை நான் சேர்த்துக் கூறினேன். ஆகவே கலிங்கின் உயரம் வெறுங் கணக்கன்று. மேலூருக்கும் கீழூருக்கும் இடையே நின்று வழங்கிய தீர்ப்பு.

சில கலிங்குகளின்மேல் இடைவிட்டு நட்ட குத்துக்கற்களைக் காணலாம். மழைக்கால இறுதியில், வெள்ள அச்சம் நீங்கியபின், அவற்றினிடையே வைக்கோலும் மண்ணும் இட்டடைத்துச் சிறிது நீரைக் கூட்டித் தேக்குவர். பெருமழை வரின் அவ்வடைப்பை அகற்றிவிடலாம். ஆசைக்கு இடம் உண்டு. ஆனால் அளவும் காலமும் உண்டு. இவற்றைக் காக்க ஆட்களும் வேண்டுமன்றோ? உத்திரமேரூரில் 10-ஆம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்ததைக் கல்வெட்டு கூறுகின்றது.

இவ்வறிவை மறந்த அமைப்பு என்னாகும்? தென்சென்னை ஏரிகள் பலவற்றின் மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவின் வழியே கடலை நோக்கிச் செல்வது இயல்பு. அச்சதுப்பின் பெரும்பகுதியைக் குப்பையும் கட்டடங்களும் கவர்ந்தன. 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில், நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்து வீடுகளுட் புகுந்தது. எஞ்சிய சதுப்பு 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது நற்செய்தியே.

அவ்வீடுகளை வகுத்தோர் தூணின் வலிமையை அறிந்திருப்பர். நீரின் வழியை வினவினாரல்லர். எனவே, கட்டட நூல் பயிலும் இளைஞர்களே, வரைபடத்தில் முதற்கோடு இழுக்குமுன் இரண்டு வினாக்களுக்கு விடை காணுங்கள்: இந்நிலத்துக்கு நீர் எங்கிருந்து வருகின்றது? இங்கிருந்து யாரிடம் செல்கின்றது? இரண்டாவது வினாவிலேதான் அறம் இருக்கின்றது.